ராம் 4 ஜிபி... ஓ.எஸ். காட்டுவது 2 ஜிபி!

திருத்தணி மலைக்குப் படியேறிப் போயிருக்கீங்களா? மொத்தம் 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஒவ்வொரு டிசம்பர் 31-ம் தேதியும் திருப்படித் திருவிழா நடக்கும். பாட்டும் பஜனையுமாகப் படிக்குப் படி பூஜை செய்துகொண்டே பக்தர்கள் ஏறுவார்கள். மேலே போய்ச் சேர்ந்தால் புது வருஷம்!

சரி, ஒரு சின்னப் புதிர். அந்த 365 படிகளுக்கும் உங்களை பெயின்ட்டால் நம்பர் எழுதச் சொல்கிறார்கள். ஆனால் ரெண்டு கண்டிஷன். 0, 1 என்ற ரெண்டே ரெண்டு இலக்கங்களைத்தான் பயன்படுத்தணும். ஒரு படிக்கு எட்டு இலக்கத்துக்கு மேல் எழுதக் கூடாது. எத்தனை படிக்கு வெவ்வேறு நம்பர் எழுத முடியும்?

மேத்ஸ் மேஜர்கள் இந்நேரம் போட்டிருப்பீங்க. எட்டு 2-களை ஒன்றோடொன்று பெருக்கினால் 256. அவ்வளவுதான். மிச்சம் 109 படிகள் அம்போ! அந்தப் படிகள் எங்கேயும் ஓடிப் போகலை. கல்லும் இருக்கு, காவடியும் அதில் ஏறும். ஆனால் 'இத்தனாவது படியில் நில்லு' என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஏன்னா, அதுக்கு நம்பர் இல்லை. ஒன்பதாவதாக ஒரே ஒரு இலக்கம் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்க... 512 வரை போகலாம். 365 படி அதுக்குள்ளே தாராளமா அடங்கிடும்.

'கம்ப்யூட்டர் கட்டுரைன்னு வந்தா, என்னப்பா கல்லுப் படிக்கு பெயின்ட் அடிக்கச் சொல்றே?' என்று பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க வீட்டு அலமாரியில் தூங்குகிற பழைய லேப்டாப்பின் மொத்தக் கதையும் இந்தப் புதிருக்குள்தான் இருக்கு.

அக்கா கொடுத்த லேப்டாப்

2011 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படித்தவர்கள், கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் மாணவர்கள் என்று முதல் வருஷத்துக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகளுக்கு எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டிருந்தது. திருத்தணியும் அதே திருவள்ளூர் மாவட்டம்தான். அதனால் இந்தப் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு ஒன்று என்று சொல்லாவிட்டாலும், தெருவுக்கு நாலாவது இருந்திருக்கும்.

முதல் கட்டத்தில் வந்த லேப்டாப்பில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். உள்ளே ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று பாஸ் லினக்ஸ். இந்த ரெண்டாவது பெயரை மறந்துடாதீங்க. கடைசியில் ஹீரோவா வரப்போறவர் அவர்தான்!

இப்போ இந்தக் காட்சியைப் பாருங்க. உங்க பெரியப்பா பொண்ணு பிளஸ் டூ படிச்சப்போ வாங்கின லேப்டாப். அக்கா படிச்சு, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகியாச்சு. லேப்டாப் உங்க கைக்கு வந்திருக்கு. ஆன் பண்ணினால் எழுந்து வர்றதுக்குள்ளே ஒரு டீ குடிச்சுட்டு வந்திடலாம். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் ஹார்ட் டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கு. மவுஸ் அசைய மாட்டேங்குது.

'மச்சி, ராம் பத்தலை. இன்னொரு 2 ஜிபி போடு, பறக்கும்' என்கிறான் நண்பன்.

அப்பா பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவர். கேட்டால் மறுக்க மாட்டார். ஆனால் அவர் எடுத்துக் கொடுக்கிற காசு எத்தனை மணி நேரம் நின்று ஓட்டின கூலி என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ட்ரெயின் பிடிச்சு சென்ட்ரல் போய், அங்கேயிருந்து ரிச்சி ஸ்ட்ரீட். பேரம் பேசி ஒரு 2 ஜிபி ராம். வீட்டுக்கு வந்து, ஸ்க்ரூவைக் கழற்றி, காலியாக இருந்த ஸ்லாட்டில் டப்பென்று செருகியாச்சு. ஆன் பண்ணி, கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து பார்த்தால்...

'இன்ஸ்டால்டு மெமரி: 4.00 ஜிபி.' ஆஹா! பக்கத்திலேயே பிராக்கெட்டில் பொடி எழுத்தில் இன்னொரு வரி. 'யூசபிள்' என்று போட்டு, 2 ஜிபி-க்குள் ஒரு எண்.

ராம் கெட்டுப்போனதா? இல்லை. கடைக்காரர் ஏமாத்திட்டாரா? அதுவும் இல்லை. அந்த 2 ஜிபி உள்ளேதான் இருக்கு, மின்சாரமும் குடிக்குது. ஆனால் நம்பர் எழுதாத அந்த 109 படி மாதிரி, யாரும் கால் வைக்கிறதில்லை.

கணக்கு போட்ட கூரை

ராம் என்பது வரிசையாக நிற்கிற கோடிக்கணக்கான குட்டி அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பைட். புராசஸர் எந்த அறையைத் திறக்கணும் என்றாலும் அதன் கதவு எண் தெரியணும். அந்த எண்ணும் 0, 1-ல்தான் இருக்கும். எத்தனை இலக்கம் எழுத இடம் இருக்கு என்பதுதான் எத்தனை அறையைத் தொட முடியும் என்பதைத் தீர்மானிக்குது.

1981-ல் வந்த ஐபிஎம் பிசி-யின் 8088 புராசஸரில் கதவு எண்ணுக்கு 20 இலக்கம். மொத்தம் 10,48,576 அறைகள். அதாவது 1 எம்பி. அதிலும் மேல்பக்கம் 384 கேபி-யை டிஸ்ப்ளே, பயாஸ் போன்றவற்றுக்கு ஒதுக்கிட்டாங்க. நம்ம புரோகிராமுக்கு மிஞ்சினது 640 கேபி. டாஸ் காலத்து சீனியர்கள் இந்த '640 கே' பற்றிப் புலம்பாத நாளே கிடையாது.

பிறகு 32-பிட் காலம். இலக்கம் 32 ஆனது. அறைகள் 4,29,49,67,296. அதாவது 4 ஜிபி. விண்டோஸ் எக்ஸ்பி-யின் சாதாரண 32-பிட் பதிப்பு, விஸ்டா, விண்டோஸ் 7-ன் 32-பிட் பதிப்புகள் எல்லாத்துக்கும் இதுதான் உச்சி.

'அப்படின்னா 4 ஜிபி போட்டால் முழுசா கிடைக்கணுமே, எங்க ஃப்ரெண்டு மெஷினில் 3.25 தானே காட்டுது?' நல்ல கேள்வி. பழைய 640 கே கதைதான், சைஸ் மட்டும் பெருசு! கதவு எண்கள் ராமுக்கு மட்டும் சொந்தம் இல்லை. கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் சிப் எல்லாருக்கும் அதே 4 ஜிபி எண்களிலிருந்துதான் பங்கு. அவங்க எடுத்துக்கிட்டது போக மீதிதான் ராமுக்கு. மெஷினைப் பொறுத்து 3 ஜிபி-க்கும் 3.5 ஜிபி-க்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும்.

இன்னும் பழைய ஓ.எஸ். எடுத்துக்கிட்டா கூத்து வேற மாதிரி. விண்டோஸ் 98-ம் 32-பிட் கணக்குதான். ஆனால் 512 எம்பி-க்கு மேல் ராம் போட்டால் சில சமயம் 'மெமரி பத்தலை' என்று எரர் காட்டும்! ராமை ஏத்தினா மெமரி பத்தலையாம்! காரணம், அதன் டிஸ்க் கேஷ் பகுதி ராம் அளவைப் பார்த்து எக்கச்சக்கமாகக் கதவு எண்களை முன்பதிவு செய்துடும். மற்ற வேலைக்கு எண் மிஞ்சாது. 'சிஸ்டம்.இனி' என்ற ஃபைலில் ஒரு வரி எழுதி அந்தக் கேஷுக்குக் கடிவாளம் போடணும்.

ஆக, ஓ.எஸ். எழுதின காலத்தில் எவ்வளவு ராம் இருக்கும் என்று நினைச்சாங்களோ, அவ்வளவுக்குத்தான் அது தயாரா இருக்கும். இது முதல் வகைக் கூரை. கணக்கு போட்ட கூரை. முட்டினால் தலைதான் வலிக்கும்.

கோடு போட்ட கூரை

ஆனால் நம்ம கதையில் முட்டினது 4 ஜிபி-யில் இல்லையே, 2 ஜிபி-யில்தானே? இங்கேதான் ரெண்டாவது வகை வருது.

திருத்தணிக்காரர்களுக்கு எல்லையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊரை விட்டு வடக்கே கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறிடும். அந்த இடத்தில் ஆறு குறுக்கே ஓடலை, மண்ணின் நிறமும் மாறலை. காகிதத்தில் போட்ட கோடு. அந்தக் கோடு மாறக்கூடியது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. மலை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. கோடுதான் நகர்ந்தது.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரின் 2 ஜிபி எல்லையும் அப்படிப்பட்ட கோடுதான். 32-பிட் கணக்குப்படி 4 ஜிபி வரை அதனால் போக முடியும். ஆனால் விலை குறைந்த பதிப்பு என்பதால் 2 ஜிபி-யோடு நிறுத்தி வெச்சாங்க. இதே வரிசையைப் பாருங்க. எக்ஸ்பி ஸ்டார்ட்டருக்கு 512 எம்பி. விஸ்டா ஸ்டார்ட்டருக்கு 1 ஜிபி. 7 ஸ்டார்ட்டருக்கு 2 ஜிபி. மூணுமே 32-பிட். ஒரே கணக்கு, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கோடு!

64-பிட் பக்கம் போனாலும் இதே கதை. விண்டோஸ் 7-ன் 64-பிட் பதிப்புகளில் ஹோம் பேசிக்குக்கு 8 ஜிபி, ஹோம் பிரீமியத்துக்கு 16 ஜிபி, புரொஃபஷனலுக்கும் அல்டிமேட்டுக்கும் 192 ஜிபி. எழுதினது ஒரே கம்பெனி, என்ஜினும் ஒன்றுதான். ஸ்டிக்கர் மட்டும் வேற.

ஸ்டார்ட்டரில் கோடு ராமோடு நிற்கலை. டெஸ்க்டாப் வால்பேப்பரைக்கூட மாற்ற விடாது! அந்த லேப்டாப் வாங்கின சீனியர் அக்கா, அண்ணன்களிடம் கேட்டுப் பாருங்க, வால்பேப்பரை மாற்றப் பட்ட பாட்டைச் சொல்லிச் சிரிப்பாங்க. எக்ஸ்பி ஸ்டார்ட்டரில் ஒரே நேரத்தில் மூணு புரோகிராமுக்கு மேல் திறக்க முடியாது என்று ஒரு விதி வேறு. 7 ஸ்டார்ட்டருக்கும் அதையே வைக்கப் போறதா முதலில் அறிவிச்சு, 2009-ல் ரிலீஸுக்கு முன்னாடியே மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. கணக்கைக் கைவிட முடியுமா? முடியாது. கோட்டைத்தான் அழிக்க முடியும்.

'இது வெறும் பூட்டுதான்' என்பதற்கு அவர்களே ஆதாரமும் தந்தாங்க. அந்தக் காலத்தில் 'எனிடைம் அப்கிரேட்' என்று ஒன்று விற்றாங்க. காசு கட்டி ஒரு கீ வாங்கி டைப் பண்ணினால் போதும், ஸ்டார்ட்டர் கொஞ்ச நேரத்தில் ஹோம் பிரீமியமாக மாறிடும். புது டிவிடி தேவையில்லை. அதாவது, சரக்கு எல்லாம் ஏற்கெனவே உங்க ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது! அந்த விற்பனை முடிஞ்சு எவ்வளவோ காலம் ஆச்சு.

கணக்குக் கூரை என்று நாம நினைச்ச 4 ஜிபி-யிலும் கொஞ்சம் கோடு கலந்திருக்கு. 1995-ல் வந்த பென்டியம் ப்ரோ புராசஸரிலேயே 'பிஏஇ' என்ற உத்தி இருந்தது. கதவு எண்ணுக்கு 32-க்குப் பதில் 36 இலக்கம். 64 ஜிபி வரை தொடலாம். விண்டோஸ் சர்வர் 2003-ன் என்டர்பிரைஸ் பதிப்பு, 32-பிட்டாக இருந்துகொண்டே, சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு 64 ஜிபி வரை எடுத்துக்கொண்டது. எக்ஸ்பி-க்கு மட்டும் ஏன் இல்லை? வீட்டு மெஷின்களில் மாட்டுகிற பிரின்டர், சவுண்ட் கார்டு வகையறா டிரைவர்களில் பல, 4 ஜிபி-க்கு மேற்பட்ட எண்ணைப் பார்த்தாலே குழம்பி சிஸ்டத்தைக் கவிழ்த்திடும். அதுக்குப் பயந்து அங்கேயே கோடு போட்டுட்டாங்க. காரணம் நியாயமானதாகவும் இருக்கலாம், வியாபாரமாகவும் இருக்கலாம். எது எதனால் என்று தெரிஞ்சுக்கறதுதான் நமக்கு முக்கியம்.

புராசஸருக்கும் இதே கதை

'ராம் சரி, புராசஸரையாவது முழுசா பயன்படுத்துதா?' சந்தோஷமான பதில்: பெரும்பாலும் ஆமாம்.

விண்டோஸ் 95, 98, எம்.இ. மூணுக்கும் ஒரே ஒரு புராசஸரைத்தான் தெரியும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நாலு டிக்கெட் கவுன்ட்டர் கட்டி வெச்சுட்டு ஒண்ணை மட்டும் திறந்த மாதிரி, மற்றது சும்மா நிற்கும். எக்ஸ்பி-யிலிருந்து நிலைமை மாறியது. எக்ஸ்பி ஹோமுக்கு ஒரு புராசஸர், புரொஃபஷனலுக்கு ரெண்டு. விண்டோஸ் 7-லும் ஸ்டார்ட்டர், ஹோம் வகைகளுக்கு ஒன்று, புரொஃபஷனலுக்கு மேலே ரெண்டு.

இங்கே 'ஒன்று' என்பது மதர்போர்டில் மாட்டியிருக்கிற சிப்பின் எண்ணிக்கை. அந்தச் சிப்புக்குள்ளே இருக்கிற கோர்களின் எண்ணிக்கை இல்லை. டூயல் கோர், குவாட் கோர் எதுவானாலும் ஒரே சிப்தானே? அதனால் அத்தனை கோரும் வேலை செய்யும். அக்காவின் லேப்டாப்பில் டூயல் கோர் இருந்தால், ஸ்டார்ட்டர் ரெண்டையும் பயன்படுத்தும். 32-பிட் விண்டோஸ் 7 அதிகபட்சம் 32 கோர் வரைக்கும் கையாளும்.

இந்த இடத்தில் ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் சுத்துகிற ஒரு கட்டுக்கதையை உடைச்சே ஆகணும். 'எம்எஸ்கான்ஃபிக் திற, பூட் டேபில் அட்வான்ஸ்டு போ, நம்பர் ஆஃப் புராசஸர்ஸில் டிக் அடிச்சு 2 கொடு, ஸ்பீடு டபுள் ஆயிடும்!' என்று யாராவது சொல்லியிருப்பாங்களே? சுத்தப் பொய் பாஸ். அந்தப் பெட்டியில் டிக் அடிக்காமல் விட்டாலே விண்டோஸ் எல்லாக் கோரையும் எடுத்துக்கும். டிக் அடிக்கிறது கோர்களைக் குறைச்சுச் சோதனை செய்து பார்ப்பதற்காக. பக்கத்திலிருக்கிற 'மேக்ஸிமம் மெமரி' பெட்டியும் அப்படித்தான். யாரோ பேச்சைக் கேட்டு அதில் தப்பான எண்ணைக் கொடுத்துட்டு, 'ராம் காணாமப் போச்சு' என்று புலம்புகிறவர்கள் உண்டு. முதலில் போய் அந்த ரெண்டு டிக்கையும் எடுத்து விடுங்க!

அப்போ மெஷின் ஏன் இழுக்குது? 2 ஜிபி நிரம்பியதும், ஓ.எஸ். மிச்சச் சரக்கை ஹார்ட் டிஸ்கில் ஒரு ஓரமாக இறக்கி வைக்கும். ராமில் நானோ செகண்ட் கணக்கில் முடிகிற வேலை, சுத்துகிற தட்டில் மில்லி செகண்ட் கணக்குக்குப் போயிடும். அதாவது லட்சம் மடங்கு அளவுக்கு மெதுவாகுது. புராசஸர் பாவம், சாப்பாடு வராத பந்தியில் இலை முன்னாடி உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி காத்துக்கொண்டிருக்கும்.

ஒரே லேப்டாப், ரெண்டு பதில்

இப்போ ஹீரோ என்ட்ரி!

பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. நம்ம சென்னை மையத்துக்கு அதில் முக்கியப் பங்கு. லேப்டாப்பை ஆன் செய்ததும் 'விண்டோஸா, பாஸா?' என்று கேட்கும். இதுக்குப் பேர் டூயல் பூட். திருத்தணிக்காரங்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன? வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று ரெண்டிலும் சரளமாகப் பேசுகிற எத்தனை பேர் இந்த ஊரில்! ஆள் ஒருத்தர்தான், மொழி மட்டும் ரெண்டு.

ஆனால் அந்த மெனு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்தோம்? கண்ணை மூடிக்கிட்டு விண்டோஸை அழுத்தினோம். சிலர் 'இடத்தை அடைக்குது' என்று லினக்ஸை அழித்தே விட்டாங்க. ஆனால் கணக்குப் பாருங்க. 4 ஜிபி ராம் போட்ட அதே லேப்டாப்பில் ஸ்டார்ட்டர் 2 ஜிபி-யோடு கதவைச் சாத்தும். 32-பிட் லினக்ஸில் பதிப்புக்கு ஏற்ற கோடு என்று எதுவும் கிடையாது. சாதாரண கெர்னல் என்றால் 3 ஜிபி-யைச் சுற்றி, பிஏஇ உள்ள கெர்னல் என்றால் கிட்டத்தட்ட முழுசும் எடுத்துக்கும்.

ஒரே மெஷின். ஒரே ராம். கேள்வியும் ஒன்றுதான். பதில் மட்டும் ஓ.எஸ்.ஸைப் பொறுத்து ரெண்டு! 'என் லேப்டாப்புக்கு எவ்வளவு சக்தி இருக்கு?' என்ற கேள்விக்கு ஹார்டுவேர் மட்டும் பதில் சொல்லாது என்று புரியுதா?

காசு எடுக்கும் முன்னாடி...

அப்பாவிடம் கேட்பதற்கு முன்னாடி பத்து நிமிஷம் செலவு பண்ணுங்க. உங்க மெஷினுக்கு மேலே மூணு கூரை இருக்கு. மூணில் எது தாழ்வோ, அதுதான் உங்க கூரை.

1. மதர்போர்டின் கூரை: எத்தனை ராம் ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று லேப்டாப்பின் மாடல் எண்ணை வெச்சு அதன் மேனுவலில் பாருங்க. அந்தக் கால லேப்டாப்புகளில் பெரும்பாலும் டிடிஆர்3 வகை. இன்றைக்கு எல்லாரும் விற்கிற டிடிஆர்4, டிடிஆர்5 அந்த ஸ்லாட்டில் நுழையவே நுழையாது.

2. பிட் கூரை: கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பாருங்க. '32-பிட்' என்றால் 4 ஜிபி-தான் உச்சி, கையில் வர்றது அதுக்கும் கீழே.

3. பதிப்பின் கூரை: அதே பக்கத்தில் மேலே எந்த எடிஷன் என்று எழுதியிருக்கும். ஸ்டார்ட்டர் என்றால் 2 ஜிபி. ராம் வாங்கக் கிளம்பின காலை அப்படியே திருப்பிடுங்க.

ஏற்கெனவே ராம் போட்டாச்சா? ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி டேபைத் திறந்தால் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்று ஒரு சாம்பல் பட்டை தெரியும். யாருக்கும் பயன்படாமல் கிடக்கிற ராம் அதில்தான் கணக்காகும். அது நூத்துக்கணக்கான எம்பி-யைத் தாண்டி ஜிபி கணக்கில் இருந்தால், எங்கேயோ கூரை இடிக்குது என்று அர்த்தம்.

அப்போ எதில் காசு போடலாம்? ராமுக்கு மேலே இப்படிப் பல கூரைகள். ஆனால் ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுகிறதில் பிட் கூரையும் இல்லை, பதிப்புக் கூரையும் இல்லை. சாட்டா வகை 2.5 இன்ச் எஸ்எஸ்டி-யை அந்த வகை டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பிலும் மாட்டலாம். நிரம்பி வழிகிற ராம் இறக்கி வைக்கிற இடமே வேகமாயிடுதே! பழைய மெஷினுக்குப் புது உயிர் என்றால் இதுதான்.

அடுத்து, ஓ.எஸ். உங்க புராசஸர் 64-பிட்டா என்று மாடல் எண்ணை வெச்சுத் தேடிப் பாருங்க. அந்தக் காலத்து டூயல் கோர் இன்டெல் சிப்புகள் பெரும்பாலும் 64-பிட் திறன் உள்ளவைதான். மேலே 32-பிட் ஓ.எஸ். போட்டதால் பாதி திறமை வெளியே தெரியாமல் இருந்திருக்கும். அப்படியென்றால் 64-பிட் டெபியன், லுபுன்டு மாதிரி எடை குறைந்த லினக்ஸ் போடலாம். 2 ஜிபி-யிலும் ஓடும், 4 ஜிபி-யில் நல்லாவே ஓடும். புராசஸர் நிஜமாகவே 32-பிட் என்றால் சீக்கிரம் முடிவெடுங்க. 2025-ல் வந்த டெபியன் 13-ல் 32-பிட் பிசி-க்கு இன்ஸ்டாலர் கிடையாது. அந்தக் கதவும் மூடிக்கொண்டிருக்கு.

முக்கியமான எச்சரிக்கை: 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு அப்படியே தாவ முடியாது. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாத்தான் போடணும். அந்த ஹார்ட் டிஸ்கில் உங்க ப்ராஜெக்ட் மட்டும் இல்லை, அக்காவின் பன்னிரண்டு வருஷப் போட்டோக்களும் இருக்கலாம். முதலில் காப்பி எடுங்க. எடுத்த காப்பி திறக்குதா என்றும் பாருங்க. அப்புறம்தான் மற்றது.

இன்னொரு குறுக்கு வழியும் காதில் விழும். 'அல்டிமேட் கிராக் போட்டுத் தர்றேன், ஐந்நூறு கொடு.' வேண்டாம். கோட்டைத் தாண்டினதா நினைப்பீங்க. அந்தக் கிராக்கோடு உள்ளே நுழைகிறது யார் என்று தெரியாது. அதிலும் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ம் தேதியே முடிஞ்சாச்சு. குரோம் பிரவுசர் 2023-ல் அதைக் கைவிட்டது. 'அப்படின்னா 10 போடறேன்' என்றால், அதுக்கும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு இலவச ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 சிப் 2011 லேப்டாப்பில் இருக்காது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், பேங்க் வேலை எல்லாம் பழைய விண்டோஸில் செய்யாதீங்க. இன்டர்நெட் இல்லாமல் டைப் பண்ண, சி புரோகிராம் எழுதிப் பழக, பழைய படம் பார்க்க என்றால் தாராளமா வெச்சுக்கலாம். அந்த வேலைகளுக்கு 2 ஜிபி-யே ஜாஸ்தி!

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. அதற்கான லேப்டாப் டெண்டரில் கேட்கப்பட்டது 8 ஜிபி ராம். 2011-ஐவிட நாலு மடங்கு. அது கையில் கிடைச்சவங்களுக்கும் இந்தக் கதை பொருந்தும். இன்றைக்கு மலை மாதிரித் தெரிகிற எண், இன்னும் பத்து வருஷத்தில் யாராவது தம்பி, தங்கையைப் பார்த்துச் சிரிக்க வைக்கும். அப்போ அவங்க உங்களிடம் வந்து, 'அண்ணா, இதில் இன்னும் ராம் போடலாமா?' என்று கேட்பாங்க.

உடனே ஆமாம், இல்லை என்று சொல்லிடாதீங்க. 'அந்த ஓ.எஸ்.ஸுக்கு எத்தனை படி வரைக்கும் நம்பர் எழுதத் தெரியும்னு முதல்ல பாரு' என்று சொல்லுங்க. கூரை கணக்கால் வந்ததா, கோட்டால் வந்ததா என்று பார்க்கச் சொல்லுங்க. கணக்கு என்றால் காசை மிச்சம் பிடிக்கலாம். கோடு என்றால் வேற வழி தேடலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கின அந்த 2 ஜிபி ராமை என்ன பண்றது என்கிறீங்களா? லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணுங்க. மெனு வரும். இந்தத் தடவை ரெண்டாவது வரியை அழுத்திப் பாருங்க. அப்பா ஓட்டின தறிக்கூலி வீண் போகலை!